நிறத்தை நம்பாமல் தட்டான்களை அறிதல்

தட்டான்களைக் கவனிக்கத் தொடங்கும் எவரும் முதலில் பற்றிக்கொள்வது நிறத்தைத்தான். சிவப்புத் தட்டான், மஞ்சள் தட்டான், நீலத் தட்டான் என்று மனத்தில் குறித்துக்கொண்டு, பிறகு ஒரு கையேட்டையோ படத்தொகுப்பையோ திறந்து அதே நிறத்தில் இருப்பதைத் தேடுகிறோம். ஐந்தாறு இனங்கள் ஒன்றுபோலவே தெரிகின்றன. கண்டது எது என்று தீர்மானிக்க முடியாமல் ஆர்வம் வடிந்துவிடுகிறது. உலகில் தட்டான்களும் ஊசித்தட்டான்களுமாக 6,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இதுவரை பதிவாகியுள்ளன. அவற்றை நிறத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது நடக்காத காரியம். புதிதாக இதில் இறங்குபவர் முதலில் பழக வேண்டியது, அந்தப் பூச்சி எங்கே அமர்கிறது, எப்படி அமர்கிறது, எதைத் துரத்துகிறது, முட்டையை எங்கே இடுகிறது என்று நின்று பார்ப்பதே என்பது என் உறுதியான கருத்து. அப்படிப் பார்த்தவருக்கு இனப்பெயரைத் தேடும் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

முதல் பிரிவினையை மட்டும் உடலமைப்பைக் கொண்டே செய்துவிடலாம். தட்டானின் உடல் தடித்தது. அமரும்போதும் நான்கு இறக்கைகளையும் பக்கவாட்டில் விரித்தே வைத்திருக்கும். பின்னிறக்கை, அடிப்பகுதியில் முன்னிறக்கையைவிட அகன்றிருக்கும். ஊசித்தட்டானின் உடல் மெலிந்தது. முன்னிறக்கையும் பின்னிறக்கையும் ஏறக்குறைய ஒரே வடிவில் இருக்கும். பெரும்பாலான இனங்கள் அமர்ந்ததும் இறக்கைகளை முதுகின்மேல் சேர்த்து மடித்துக்கொள்ளும். லெஸ்டிடே போன்ற சில குடும்பங்களின் ஊசித்தட்டான்கள் இறக்கைகளைப் பாதி விரித்த நிலையிலேயே அமர்வதால், அவற்றை முதன்முறை காண்பவர் குழம்புவது இயல்பு. அப்போது கண்களைப் பார்க்க வேண்டும். ஊசித்தட்டானின் கண்கள் தலையின் இரு ஓரங்களிலும் தனித்தனியே புடைத்திருக்கும். இடையிலுள்ள வெளி ஒரு கண்ணின் அகலத்தைவிடக் கூடுதலாக இருக்கும். தட்டான்களில் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கண்கள் உச்சந்தலையில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். கோம்ஃபிடே குடும்பத்தில் கண்கள் தொடுவதில்லை என்றாலும், தடித்த உடலும் விரிந்த இறக்கையும் அவற்றைத் தட்டான்கள் என்றே காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாலை மங்கும் நேரத்தில் விளக்கொளிக்கு வந்து தள்ளாடிப் பறக்கும், ஊசித்தட்டானைப் போன்ற மெல்லிய பூச்சி ஒன்று உண்டு. அது மணலில் கூம்புக் குழி பறித்துக் காத்திருக்கும் குழிநரியின் வளர்ந்த வடிவம். அதன் உணர்கொம்புகள் நீண்டு, நுனியில் தடித்திருக்கும். தட்டான்களுக்கும் ஊசித்தட்டான்களுக்கும் உணர்கொம்பு ஒரு சிறு மயிரளவே. தூரத்திலிருந்து பார்த்தால் இல்லாததுபோல் தோன்றும். கண்ணில் படும் அளவுக்கு உணர்கொம்பு இருந்தால், அது நாம் தேடும் பூச்சி அன்று.

இனி நிறத்துக்கு வருகிறேன். அதை ஏன் நம்ப முடியாது என்பதற்கு முதல் காரணம் வயது. இளவுயிரியின் (நீருக்குள் வளரும் இளம்பருவத்தின்) தோலைவிட்டு அப்போதுதான் வெளிவந்த தட்டான் எந்த இனமாயினும் வெளிறிய உடலும், கண்ணாடித்தாள்போல் பளபளக்கும் இறக்கைகளுமாக இருக்கும். நிறம் ஏறச் சில நாட்கள் ஆகும். முழு முதிர்ச்சி அடையச் சில இனங்களுக்கு வாரங்களும் ஆகும். ஆசியா முழுவதும் பரவலாக உள்ள குரோக்கோதெமிஸ் செர்விலியா என்ற இனத்தில் முதிர்ந்த ஆண் தலை முதல் வால் வரை இரத்தச் சிவப்பு. பெண்ணும் இளம் ஆணும் மஞ்சள். இந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது என்பதை 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். புதிய நிறமி ஒன்று சேர்வதால் மஞ்சள் சிவப்பாவதில்லை. தோலில் ஏற்கெனவே உள்ள நிறமிகளே ஆக்சிஜனேற்றம் பெற்ற நிலையிலிருந்து ஒடுக்கமடைந்த நிலைக்கு மாறும்போது மஞ்சள் சிவப்பாகிறது. ஒரே குளக்கரையில் சிவப்பும் மஞ்சளுமாகப் பறப்பவை ஒரே இனமாக இருக்கக்கூடும் என்பதை இதைத் தெரிந்துகொண்ட பிறகு மறக்கவே முடியாது.

இரண்டாவது காரணம், முதிர்ந்த ஆண்களின் உடல்மேல் படியும் மெழுகுப் பொடி. ஆர்தெட்ரம் பேரினத்து (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதியே பேரினம்) ஆண்கள் பல, இளமையில் மஞ்சளும் பழுப்புமாக இருந்து, வயதேற ஏற வெளிர்நீலப் பொடி பூத்து, கீழிருந்த கோடுகள் எல்லாம் மறையும்வரை மாறிவிடும். இணை சேரும்போது பெண்ணின் கால்கள் உராய்ந்து அந்தப் பொடி ஆணின் வயிற்றில், அதாவது வால்போல் நீண்ட பின்னுடலில், சில இடங்களில் தேய்ந்து போவதுண்டு. அந்தத் தேய்ந்த தழும்பைக் கண்டால், அந்த ஆண் ஏற்கெனவே இணை சேர்ந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். மூன்றாவது காரணம் இன்னும் நுட்பமானது. இஸ்க்னுரா பேரினத்து ஊசித்தட்டான்கள் பலவற்றில் பெண்களிலேயே இரண்டு, மூன்று நிற வடிவங்கள் உண்டு. அவற்றுள் ஒரு வடிவம் அச்சாக ஆணைப் போலவே இருக்கும். ஆண்களின் ஓயாத தொந்தரவிலிருந்து தப்புவதற்கு இந்த ஒப்புமை உதவுகிறது என்பதே இதற்குப் பெரிதும் சொல்லப்படும் விளக்கம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? பொடி பூக்காதவரை மார்பின் பக்கவாட்டுக் கோடுகள் நல்ல சான்று. இறக்கையின் அடிப்பகுதியில் உள்ள நிறத்திட்டு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதும், இறக்கை நுனியருகே முன்விளிம்பில் உள்ள சிறு தடித்த கட்டத்தின் நிறமும் நீளமும் பல நேரங்களில் முடிவைத் தீர்மானிக்கும். (அந்தக் கட்டம் வெறும் அலங்காரம் அன்று, சறுக்கிப் பறக்கும்போது இறக்கை அதிராமல் தடுக்கும் எடையாக அது செயல்படுகிறது.) எல்லாவற்றையும்விட உறுதியான சான்று வயிற்றின் கடைசி முனையில் உள்ள இணைப்பு உறுப்புகள். ஆண் இவற்றைக் கொண்டுதான் பெண்ணைப் பற்றிக்கொள்கிறது. இனத்துக்கு இனம் இவற்றின் வடிவம் மாறுபடும். ஆணா பெண்ணா என்று அறிய வயிற்றின் தொடக்கத்தையும் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். வயிறு 10 கண்டங்களால் (வளையம் போன்ற துண்டுகளால்) ஆனது. அவற்றுள் இரண்டாம், மூன்றாம் கண்டங்களின் அடியில் ஒரு புடைப்பு தெரிந்தால் அது ஆண்.

ஆகவே படம் எடுப்பவர்கள் மேலிருந்து ஓர் அழகான படத்தோடு நிறுத்திவிடக் கூடாது. மேலிருந்து ஒன்று, முழுப் பக்கவாட்டில் ஒன்று, வால்முனையை நெருங்கி ஒன்று என எடுத்துக்கொண்டால், பின்னர் எவரிடம் காட்டினாலும் அவரால் பெயரைச் சொல்ல முடியும். அழகான படம் ஒன்றைக் காட்டிப் பெயர் கேட்பவருக்கு, பெரும்பாலும் பேரினத்தின் பெயர் மட்டுமே விடையாகக் கிடைக்கும்.

தட்டான்களின் பழக்கங்களை வகைப்படுத்தியதில் ஃபிலிப் கார்பெட் என்ற ஆய்வாளரின் பங்கு பெரிது. 1962-இல் அவர் முன்வைத்த ஒரு பிரிவினை இன்றும் தொடக்கநிலையாளருக்கு மிகப் பயன்படுவது: அமர்ந்திருந்து வேட்டையாடுபவை ஒரு வகை, ஓயாது பறந்தபடியே இருப்பவை மற்றொரு வகை. ஒரு தட்டான் கோரைத் தண்டின் நுனியில் அமர்ந்து, பறந்துபோய், அரை நிமிடத்தில் அதே நுனிக்குத் திரும்பினால் அது முதல் வகை. லிபெல்லுலிடே குடும்பத்தின் பெரும்பகுதியும் கோம்ஃபிடே குடும்பமும் இதில் அடங்கும். நீரின்மேல் மேலும் கீழும் ரோந்து வந்து, பார்க்கும் நேரமெல்லாம் ஒருமுறைகூட அமராத பெரிய தட்டான், அனாக்ஸ் போன்ற பேரினங்கள் அடங்கிய ஈஷ்னிடே குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். நிறமே தெரியாத தூரத்திலிருந்தும் குடும்பத்தைப் பற்றிய நியாயமான ஊகத்துக்கு இப்படி வந்துவிட முடியும் என்பதுதான் இந்தப் பிரிவினையின் சிறப்பு.

அமரும் வகை ஒன்றை இரண்டு மீட்டர் தொலைவில் நின்று பத்து நிமிடம் பாருங்கள். ஆறு கால்களில் பின்னுள்ள நான்கு மட்டுமே தண்டைப் பிடித்திருப்பதும், முன்கால்கள் இரண்டும் தலைக்குப் பின்னால் மடித்து ஒடுக்கப்பட்டிருப்பதும் பல இனங்களில் தெரியும். தலை சும்மா இருக்காது. மேலே எது பறந்து சென்றாலும், மெல்லிய கழுத்தின்மேல் தலை மட்டும் திடுக்கென்று சாய்ந்து அதைப் பின்தொடரும், உடல் அசையாது. பெரும்பாலானவற்றை அது பார்த்துவிட்டு விட்டுவிடும். ஒன்றைத் தேர்ந்துகொண்டால், கீழிருந்து மேல்நோக்கிப் பாய்ந்து, இரை இப்போது இருக்கும் இடத்துக்குப் போகாமல் இரை வந்து சேரப்போகும் இடத்துக்கே போய், முட்கள் நிறைந்த கால்களைக் கூடையாகக் குவித்து அள்ளிக்கொள்ளும். பெரிய தட்டான்களின் ஒவ்வொரு கூட்டுக்கண்ணிலும் 30,000 வரை சிறுகண்கள் உண்டு. நான்கு இறக்கைகளையும் தனித்தனியே இயக்கும் தசைகள் உண்டு. ஆய்வுகளில் இந்தப் பாய்ச்சல்கள் 95 சதவீதம் வரை வெற்றி பெற்றிருக்கின்றன. வேட்டை விலங்குகளில் இப்படி ஒரு வெற்றி விகிதம் மிக அரிது. பிடித்த இரையோடு அது தண்டுக்குத் திரும்பியதும், சிறிய கொசுவாக இருந்தால் மென்று முடிக்கச் சில நொடிகளே ஆகும். பெரிய இரையென்றால் தாடைகள் பக்கவாட்டில் திறந்து மூடுவதையும், மெல்லப்படாத இறக்கைகள் கீழே உதிர்வதையும் வெறும் கண்ணாலேயே காணலாம்.

முதன்முதலாகப் பெயர் சொல்லிப் பழக ஏற்ற இனம் ஆர்தெட்ரம் சபினா. வடஆப்பிரிக்காவிலிருந்து ஜப்பான் வரையிலும், தெற்கே ஆஸ்திரேலியா வரையிலும் காணப்படும் இந்தத் தட்டானில் ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம் கொண்டவை. வயதும் அதைப் பெரிதாக மாற்றுவதில்லை. கறுப்பும் இளம்பச்சை கலந்த மஞ்சளுமான பட்டைகள், அடியில் புடைத்து உடனே ஒடுங்கும் வயிறு, முனையில் வெண்ணிற உறுப்புகள் எனத் தவறவிட முடியாத அடையாளங்கள் இதற்கு உண்டு. தன்னைவிடச் சற்றே சிறிய தட்டான்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் பிடித்துத் தின்னும் முரட்டு வேட்டையாளி இது. வேறொரு தட்டானைக் கால்களில் இடுக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் ஒன்றைக் கண்டால், இந்த இனத்தின் பெயரைத்தான் நான் முதலில் சரிபார்ப்பேன்.

நண்பகல் வெயிலில் சில தட்டான்கள் தலைகீழாக நிற்பதைப் போல வயிற்றைச் செங்குத்தாக உயர்த்தி, அதன் முனையைச் சூரியனை நோக்கிப் பிடித்திருக்கும். இதை அச்சுறுத்தல் என்றோ இணையை அழைப்பது என்றோ புதியவர்கள் எண்ணிக்கொள்வதுண்டு. உண்மையில் இது வெப்பத்தைத் தணிக்கும் உத்தி: வெயில் நேராக விழும் உடற்பரப்பு இதனால் மிகவும் குறைகிறது. அதன்மேல் நிழல் விழச் செய்தால் வயிறு மெல்லத் தாழும். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பறக்கும் வகைத் தட்டான்களுக்குச் சிக்கல் நேர்மாறானது. குளிர்ந்த காலையில் அவை இறக்கைகளை நடுக்கி நடுக்கித் தசைகளைச் சூடேற்றிக்கொண்ட பிறகே கிளம்பும். இந்தக் காரணத்தால் விடியற்காலையில் குளக்கரைக்குப் போவது பறவை பார்ப்பவருக்குப் பயன்படும் அளவுக்குத் தட்டான் பார்ப்பவருக்குப் பயன்படுவதில்லை. வெயில் ஏறிய பின், முற்பகலில் போவதே நல்லது.

நீரோரத்தில் நிற்பவை பெரும்பாலும் ஆண்களே என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒவ்வோர் ஆணும் சில மீட்டர் கரையைத் தன்னுடையதாக்கிக்கொண்டு, அதில் நுழையும் பிற ஆண்களை விரட்டிக்கொண்டிருக்கும். பெண்கள் சற்றுத் தள்ளி, புல்வெளியிலோ மரங்களுக்கிடையிலோ இரை தேடி, முட்டையிடும் நேரத்தில் மட்டும் நீருக்கு வரும். குளத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஆண்களின் பட்டியல்தான் கிடைக்கும். பெண் வந்தவுடன் ஆண் வால்முனையால் அதன் கழுத்தையோ தலையின் பின்புறத்தையோ பற்ற, பெண் தன் வயிற்றை வளைத்து ஆணின் இரண்டாம் கண்டத்தோடு சேர்க்க, இரண்டும் ஒரு வளையமாகின்றன. இந்த நேரத்தில் ஆண் செய்வது விந்தைச் செலுத்துவது மட்டுமன்று. கலோப்டெரிக்ஸ் மாகுலாட்டா என்ற ஊசித்தட்டானில், முந்தைய ஆண்கள் விட்டுச்சென்ற விந்தை முதலில் சுரண்டி அகற்றிவிட்டே ஆண் தன்னுடையதைச் செலுத்துகிறது என்பதை 1979-இல் ஜொனாதன் வாகே என்ற ஆய்வாளர் நிறுவினார். இதைத் தெரிந்துகொண்டால், இணை சேர்ந்த பிறகும் ஆண் பெண்ணை ஏன் விட்டு அகல்வதில்லை என்பது புரிந்துவிடும். தன் விந்தும் அப்படி அகற்றப்படாமலிருக்க, முட்டையிட்டு முடியும்வரை அது காவல் இருக்கிறது.

அந்தக் காவல் எந்த வகை என்பதும், முட்டை எப்படி இடப்படுகிறது என்பதும் இனத்தை அறிய உதவும். ஆர்தெட்ரம் போன்றவற்றில் பெண் தனியே வயிற்று முனையால் நீரைத் தட்டித் தட்டி முட்டையிட, ஆண் சற்று மேலே மிதந்தபடி விரட்டலைக் கவனித்துக்கொள்ளும். ட்ராமியா பேரினத்தில் ஆண் பெண்ணைப் பற்றியபடியே பறந்து வந்து, ஒரு கணம் விடுவித்து, பெண் நீரைத் தொட்டு எழுந்ததும் மீண்டும் பற்றிக்கொள்ளும். இதை ஒருமுறை பார்த்துவிட்டால் எந்தத் தூரத்திலிருந்தும் இனங்காணலாம். ஊசித்தட்டான்களும் ஈஷ்னிடே குடும்பத்தினவும் கூரிய முட்டையிடும் உறுப்பால் செடியின் திசுவைக் கீறி உள்ளே முட்டை வைக்கும். சில ஊசித்தட்டான்கள் இதற்காக நீருக்குள்ளேயே இறங்கிவிடும். இத்தனை ஆண்களின் நெருக்கடியில், ஈஷ்னா ஜுன்சியா இனத்துப் பெண்கள் வானிலிருந்து விழுந்து செத்ததுபோல் கிடந்து தப்புவதாக 2017-இல் சுவிட்சர்லாந்தில் செய்த ஆய்வொன்று வெளியானது.

கார்களின் பளபளப்பான மூடியில் தட்டான் வாலைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். நீர்ப்பரப்பிலிருந்து எதிரொளிக்கும் ஒளி கிடைமட்டமாக முனைவாக்கம் பெற்றிருக்கும், அதாவது அதன் அதிர்வு பெரும்பாலும் கிடைமட்டத் திசையிலேயே இருக்கும். தட்டான்கள் அதைக் கொண்டே நீரைக் கண்டுகொள்கின்றன. மெருகேற்றிய கார்ப்பரப்பும் அதே வகை ஒளியைத் தருவதால் அவை ஏமாந்து முட்டைகளை அங்கே இட்டு வீணாக்குகின்றன. இது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிற காட்சி.

நீரோரத்துச் செடிகளில் ஒட்டிக்கிடக்கும் வெற்றுத் தோல்களைத் தேடிப் பார்ப்பதைத் தொடக்கத்திலேயே பழகிக்கொள்ளச் சொல்வேன். தட்டானின் வாழ்நாளில் பெரும்பகுதி நீருக்கடியில் இளவுயிரியாகவே கழிகிறது. சில இனங்களுக்கு ஓரிரு மாதங்கள், சிலவற்றுக்குப் பல ஆண்டுகள். மடித்து வைத்திருக்கும் கீழுதட்டை மின்னல் வேகத்தில் நீட்டி இரையைக் கவ்வும் இந்த இளவுயிரி, இறுதியில் ஒரு தண்டின்மேல் ஏறி நிற்க, மார்பின் முதுகுப்புறம் பிளக்கிறது. தலையும் கால்களும் வெளியே வந்ததும் பல இனங்கள் பின்புறமாகத் தொங்கி, கால்கள் இறுகும்வரை அசையாதிருக்கும். பின் சட்டென்று நிமிர்ந்து, பழைய தோலின் தலையையே பற்றிக்கொண்டு வயிற்றை உருவும். கசங்கிய இறக்கைகளுக்குள் உடல்நீர் பாய்ந்து அவை பால்நிறத்தில் விரிந்து, பிறகு தெளியும். எஞ்சிய தோலின் பிளவில் தெரியும் வெண்ணிற இழைகள், மூச்சுக்குழாய்களின் உட்புறத் தோல். பறக்கும் தட்டான் எங்கிருந்தும் வந்திருக்கலாம். இந்தத் தோலோ, அந்த நீர்நிலையில் அந்த இனம் பிறந்து வளர்ந்தது என்பதற்கான நேரடிச் சான்று. புதிதாக வெளிவந்து நடுங்கிக்கொண்டிருப்பவற்றை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது; இறுகாத இறக்கை ஒருமுறை கோணிவிட்டால் பிறகு நிமிராது.

வெகுதூரத்திலிருந்து வருபவற்றில் முதலிடம் பாண்டலா ஃப்ளாவெசென்ஸுக்கு. மழைக்கு முன்னும் பின்னும் திறந்த வெளியின்மேல் கூட்டமாக, அமராமல் சறுக்கிப் பறக்கும் தேன்நிறத் தட்டான் இதுதான். அரிதாக ஓய்வெடுக்கும்போது கிளையிலிருந்து செங்குத்தாகத் தொங்கும். அன்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இது பதிவாகியுள்ளது. மாலத்தீவில் ஆண்டுதோறும் இவை வந்திறங்குவதைக் கவனித்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், இந்தியாவிலிருந்து இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்று, பல தலைமுறைகளில் மீண்டும் திரும்பும் வலசை இது என்று 2009-இல் எழுதினார். சுற்றுப்பாதையின் நீளம் 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் என மதிப்பிடப்பட்டது. மீன்களும் பிற கொன்றுண்ணிகளும் இன்னும் வந்து சேராத, மழையால் உண்டான தற்காலிகக் குட்டைகளில் இவை முட்டையிடும். குட்டை வற்றுவதற்குள் இளவுயிரி ஆறு வாரங்கள் முதல் இரண்டு மாதங்களுக்குள் வளர்ந்து வெளியேறிவிடும். ஆகவே ஒரு குட்டையின்மேல் இவை வால் தட்டுவதைக் கண்டால் அன்றைய தேதியையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறாவது வாரத்திலிருந்து அதே குட்டையின் ஓரத்துப் புற்களில் தோல்களைத் தேடத் தொடங்கலாம்.